கம்பு, காலடி, குரல்: வாசகர் கேள்விகளுக்குச் சிலம்ப வாத்தியாரம்மா பதில்கள்

தற்காப்புப் பயிற்சியை அன்றாட வாழ்க்கையில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அதில் விவரமாக எழுதியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். மதுரையில் காலையில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் சாயங்காலம் பெண்களுக்குக் குத்துவரிசையும் (ஆயுதம் இல்லாமல் கை, காலால் ஆடும் முறை) சொல்லிக்கொடுப்பது என் வேலை. மைதானத்தில் எதைச் சொல்வேனோ அதையேதான் இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. காலை ஐந்தரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குத்தான் உட்காருகிறேன். வகுப்புக்குப் போக வழியே இல்லை. வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா, இல்லை இதெல்லாம் சின்ன வயதோடு முடிந்துபோன சங்கதியா? (தேனி)

முடிந்துபோகவில்லை அம்மா. நாள் முழுக்கச் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதியிருந்தீர்கள். கிரைண்டரில் மாவு ஓடும்போது, குக்கர் விசிலுக்காக, குடம் நிரம்பும்வரை, பஸ் வரும்வரை என்று அதில் நான்கு இடத்தில் நீங்கள் சும்மா நிற்கிறீர்கள். அந்த நான்கு இடம் போதும். தனியாக அரைமணி நேரம் ஒதுக்கச் சொன்னால் முதல் வாரம் ஒதுக்குவீர்கள். அடுத்த வாரம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும், அதோடு நின்றுபோகும். எப்படியும் நடக்கிற வேலையோடு சேர்த்துவிட்ட பயிற்சிதான் வருஷக்கணக்கில் தங்கும். என்னிடம் படிக்கிற பெண்களிடம் நான் பார்த்தது இது.

சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன்னால் காலடிதான் சொல்லிக்கொடுப்போம். கால் சரியாக நிற்காதவர் கையில் எந்த ஆயுதம் இருந்தும் பலனில்லை. அதனால் குக்கர் மூன்று விசில் வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது நிற்பது மட்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். ஒரு காலை ஓர் அடி முன்னால் தள்ளுங்கள். முன்பாதம் நேராக, பின்பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். முட்டியை விறைக்காமல் லேசாகத் தளர்த்துங்கள். இப்போது மகனையோ மகளையோ கூப்பிட்டுத் தோளைத் தள்ளிப்பார்க்கச் சொல்லுங்கள். கால்களைச் சேர்த்து நின்றால் ஒரு விரல் தள்ளலுக்கே ஆடிப்போவீர்கள். இந்த நிலையில் நின்றால் தள்ளுகிறவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

நிற்பது பழகிய பிறகு நகர்வது. சமையலறைத் தரையில் டைல்ஸ் இருந்தால் அதுவே உங்கள் களம். முன்னே ஒரு டைல், பின்னே ஒரு டைல், இடப்பக்கம், வலப்பக்கம். முன்னே போகும்போது முன்கால் முதலில் நகரட்டும், பின்னே வரும்போது பின்கால் முதலில். ஆரம்பத்தில் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது, தாண்டினால் அந்த நொடியில் நீங்கள் ஒற்றைக்காலில் நிற்பதாக அர்த்தம். அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், கிரைண்டர் ஓடும் நேரம்தான் இதற்குத் தோது.

கைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு மேலே, முகத்துக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் உயர்த்துங்கள். பார்க்கிறவருக்கு “வேண்டாம், அங்கேயே நில்லுங்க” என்று சொல்வதுபோல் இருக்கும். ஆனால் அங்கிருந்து தடுக்கவும் முடியும், உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாக்கவும் முடியும். பழகாதவர் முஷ்டியால் குத்தினால் சொந்த விரல் எலும்புதான் முதலில் முறியும். உள்ளங்கை அடிப்பகுதிக்கு அந்தப் பயம் இல்லை. தலையணையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி மெதுவாக ஆரம்பியுங்கள். அடிக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அதோடு சத்தமும் வரட்டும்.

இன்னொன்று, இதை நான் அடித்துச் சொல்வேன்: வேலைக்கு என்ன உடுத்திக்கொண்டு போவீர்களோ அதிலேயே வாரத்தில் ஒருநாள் பழகுங்கள். சேலை, செருப்பு, தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக் கூடை. டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு வரும் காலடி வேறு, கொசுவம் தடுக்கும்போது வரும் காலடி வேறு. எந்தக் கையால் கொசுவத்தைத் தூக்குவது, பையை எங்கே நழுவ விடுவது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடலுழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுச் சேர்க்கும் பயிற்சியும் சொல்கிறது. கூட்டிப் பாருங்கள், மாவு ஆட்டும் நேரமும் பஸ்ஸுக்கு நடக்கும் நேரமும் உங்களை அதில் பாதி தூரத்துக்குமேல் கொண்டுபோய்விடும்.

தினமும் டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறேன். கூட்டத்தில் ஒருத்தன் வேண்டுமென்றே உரசுகிறான். ஒருநாள் இறங்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். எந்த அடி அடித்தால் அவன் திரும்ப வரமாட்டான்? (திருமங்கலம்)

தங்கச்சி, அடியைப் பிறகு பார்ப்போம், முதலில் உன் குரல். “சும்மா இருங்க”, “தள்ளி நில்லுங்க” என்று முணுமுணுத்தால் யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. சட்டையின் நிறத்தைச் சொல், அவன் செய்வதைச் சொல், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்: “நீலச் சட்டை! இடிக்கிறீங்க! தள்ளிப் போங்க!” மூன்றே வாக்கியம், வயிற்றிலிருந்து வர வேண்டும். அத்தனை கண்ணும் அந்த நீலச் சட்டைமேல் திரும்பும். மானம் போவது அவனுக்கு, உனக்கில்லை. இதை நம் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது, இன்னும் சொல்வேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தினம் பத்துத் தடவை கத்திப் பழகு. அக்கம்பக்கத்தில் கேட்டால் பயிற்சி என்று சொல். பயிற்சி இல்லாத குரல் வேண்டிய நேரத்தில் தொண்டையிலேயே நின்றுவிடும்.

நடத்துநரைக் கூப்பிடத் தயங்காதே. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் 2022-ல் திருத்தப்பட்ட பிறகு, பெண்களிடம் தவறாக நடக்கிற பயணியை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் செய்யலாம். “அண்ணே, இவரை இறக்குங்க” என்று கேட்பது உன் உரிமை. போனில் 112, பெண்களுக்கான 181 இரண்டையும் பதிந்து வை, தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும் ஏற்றிக்கொள்.

இப்போது மணிக்கட்டு. ஒருவன் உன் கையைப் பிடித்தால் நான்கு விரல் ஒருபக்கம், கட்டைவிரல் மறுபக்கம் இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்தப் பிடியில் பலவீனமான இடம். பின்னால் இழுக்காதே, அவன் பலம் உன்னைவிட அதிகமாக இருக்கலாம். அவனை நோக்கி அரை அடி உள்ளே போ. முழங்கையை மடக்கி அவன் பக்கமாகக் கொண்டுபோ. உன் மணிக்கட்டின் குறுகிய பக்கம் அவன் கட்டைவிரல் இடுக்குக்கு நேராக வரும்படி திருப்பி, விருட்டென்று மேலே உருவு. அண்ணனிடமோ தோழியிடமோ முழுப் பலத்தோடு பிடிக்கச் சொல்லி இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் பழகு. மெதுவாகப் பிடித்து மெதுவாக விடுகிற பயிற்சியால் பிரயோஜனமில்லை. கை விடுபட்டதும் நின்று சண்டை போடாதே. கூட்டம் இருக்கிற பக்கம் போ.

பஸ்ஸில் நிற்கிற நேரமும் உனக்குப் பயிற்சிதான். பக்கவாட்டில் திரும்பி, முட்டியைத் தளர்த்தி, மேல்கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்து, பிரேக் போடும்போது உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று கவனி. கல்லூரி போய்ச் சேரும்போது காலடிப் பயிற்சி முடிந்திருக்கும்.

பள்ளியில் மூன்று வருஷம் கராத்தே படித்தவள் நான். போன மாதம் ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் ஒருவன் பின்தொடர்ந்து வந்து வழிமறித்தான். எனக்குக் கையும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. ஒரு பைக் வந்ததால் அவன் போய்விட்டான். படித்ததெல்லாம் எங்கே போனது? என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. (கோயம்புத்தூர்)

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாயங்கால வகுப்பை நான் அரைமணி நேரம் தாமதமாகத்தான் ஆரம்பித்தேன். கண்ணு, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. வழிமறித்தவன் செய்த தப்புக்கு நீ ஏன் உன்னை வெறுக்க வேண்டும்?

பயத்தில் உடம்பு மூன்று விதமாக நடந்துகொள்ளும்: எதிர்க்கும், ஓடும், உறைந்துபோகும். எது வரும் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. உறைந்துபோவது கோழைத்தனம் கிடையாது, ‘அப்போ உனக்கும் சம்மதமா’ என்று யாராவது கேட்டால் அதைவிட அநியாயமான கேள்வி கிடையாது. பலம் உள்ளவர்களுக்கும், பட்டை வாங்கியவர்களுக்கும் இது நடக்கும். நீ படித்தது வரிசையாக நின்று, ஆசிரியர் எண்ணிக்கை சொல்லச் சொல்லக் காற்றில் குத்துகிற கராத்தேயாக இருந்திருக்கும். அதில் உடம்பு வளரும், ஒழுங்கு வரும். ஆனால் எதிரே ஒருவன் முகத்துக்கு நேராக நின்று அசிங்கமாகப் பேசும்போது வாய் திறக்கிற பழக்கம் அதில் வராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அப்படி ஒரு பயிற்சி பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2015-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நான்கு அமர்வுகளில் மொத்தம் 12 மணி நேரம் பயிற்சி. இன்னொரு பிரிவுக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஒரு வருஷத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு துண்டறிக்கைப் பிரிவில் நூற்றுக்கு 9.8 ஆகவும், பயிற்சிப் பிரிவில் 5.2 ஆகவும் இருந்தது. அந்த 12 மணி நேரத்தில் அடி சொல்லிக்கொடுத்தது ஒரு பங்குதான். ஆபத்தின் அறிகுறியை முன்னாலேயே அடையாளம் காண்பது, ‘தெரிந்தவர்தானே, முகத்தில் அடித்தாற்போல் எப்படிப் பேசுவது’ என்கிற தயக்கத்தை உடைப்பது, இவைதான் மீதி. நம் நாட்டுக் குற்ற ஆவணங்களும் அதையே சொல்கின்றன: பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் செய்தவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். அதனால்தான் என் வகுப்பில் ‘இருட்டில் வரும் அந்நியன்’ பயிற்சியைவிட, மாமா முறை சொல்லிக்கொண்டு தோளில் கைபோடுகிறவரிடம் “கையை எடுங்க” என்று சொல்லும் பயிற்சிக்கு அதிக நேரம் தருகிறேன். நிறையப் பெண்களுக்கு அதுதான் கஷ்டமாக வருகிறது.

நீ செய்ய வேண்டியது இது. ஹாஸ்டலில் நம்பிக்கையான ஒரு தோழியைச் சேர்த்துக்கொள். அவள் அறைக்கு எதிர்முனையிலிருந்து உன்னை நோக்கி நடந்து வரட்டும். உனக்கு மனசு இறுகுகிற தூரம் வந்ததும் கைகளை உயர்த்தி, ஒரு கால் பின்னே வைத்து, “நில்!” என்று கத்து. சத்தம் வராவிட்டால் முதலில் மூச்சை மட்டும் வெளியே தள்ளு. மூச்சு வந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் கால் நகரும். கராத்தேயில் ‘கியாய்’ என்று கத்தச் சொல்லியிருப்பார்களே, அதன் பயன்களில் ஒன்று இது. அவள் திடீரென்று, நீ எதிர்பார்க்காத நேரத்தில் வரும்படி பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ராத்திரி நினைப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதே. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்.

“திருப்பி அடித்தால் நம்மேலேயே கேஸ் போடுவார்கள், பேசாமல் வந்துவிடு” என்கிறார் என் கணவர். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? (சிவகங்கை)

நான் வக்கீல் இல்லை, ஆனால் கம்பு பிடிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் என்பதால் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் இதைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். உங்கள் உடம்பை மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பைக் காப்பாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் அடி உங்கள்மேல் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தாக்கப்போகிறார் என்று நியாயமான அச்சம் வந்தாலே உரிமை தொடங்கிவிடும்.

எல்லையும் உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும், ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது. வன்புணர்வு, கடத்தல், அமிலவீச்சு போன்ற நோக்கத்தோடு வருகிற தாக்குதல்களில் இந்த உரிமை மிகவும் விரிவானது, 38-ஆம் பிரிவைப் படியுங்கள். நடந்ததை உடனே புகாராகக் கொடுத்துவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு. சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவரையும் பயிற்சிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், மணிக்கட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

என் மகளுக்கு எட்டு வயது. சிலம்பமா, கராத்தேயா, டேக்வாண்டோவா? எதில் சேர்த்தால் நல்லது? (விருதுநகர்)

ஐயா, நான் சிலம்ப வாத்தியார். சிலம்பம் என்றுதான் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அவரிடம் சேருங்கள் என்பதே என் பதில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வகுப்பு ஆறு மாதம்கூடத் தாங்காது.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள், வேறு விளக்கம் கேட்கவே வேண்டாம். பிள்ளையைத் தொட்டுத் திருத்தும் முன் “தொடலாமா” என்று கேட்கிறாரா, தவறு செய்த பிள்ளையைக் கேலி செய்கிறாரா, வகுப்பின் முதல் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்ற விடுகிறாரா என்று கவனியுங்கள். கீழே விழச் சொல்லிக்கொடுக்கிறாரா என்பதும் முக்கியம். 1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில், எதிராளியைத் தூக்கிப்போடும் முன் தாடையை மார்போடு ஒட்டி, தலை தரையில் படாமல் விழப் பழக்குகிறார்கள். மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுகிற வயது இது, வாழ்நாள் முழுக்க உதவும். குறுகிய காலத்தில் கறுப்புப் பட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் இடம் உங்கள் பணத்தைக் குறிவைக்கிற இடம்.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அதுவும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அன்று நம் பிள்ளைகள் கம்பு சுற்றியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையைச் சான்றிதழுக்காக அனுப்பாதீர்கள். அவள் வியர்வையோடு சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறாளா என்று மட்டும் பாருங்கள். மகள் அரசுப் பள்ளியில் படித்தால், ஆறாம் வகுப்புக்குப் போனதும் சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். 6 முதல் 12 வரை மாணவிகளுக்கு அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது, பெற்றோர் கேட்டால் பள்ளியும் அக்கறை காட்டும்.

வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்க்கரை, முட்டிவலி இரண்டும் உண்டு. எங்கள் தெருவில் சங்கிலிப் பறிப்பு நடந்ததிலிருந்து நடைப்பயிற்சிக்கே பயமாக இருக்கிறது. (பாளையங்கோட்டை)

டீச்சர், சங்கிலியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். நடக்கும்போது அது வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வராது என்றால் கழுத்தை மூடி முந்தானையைப் போர்த்திக்கொள்ளுங்கள். வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடங்கள், பின்னாலிருந்து வந்து பறிப்பதற்கு அது தோதாக இருக்காது. அப்படியும் கை வைத்துவிட்டால் விட்டுவிடுங்கள். ஓடுகிற பைக்கோடு இழுபறி செய்தால் தலை தரையில் மோதும். பவுனை மறுபடி வாங்கலாம்.

உங்கள் வயதில் திருடனைவிட வழுக்கும் குளியலறைதான் பெரிய எதிரி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் தேய்க்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு காலைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்குங்கள், பிறகு அடுத்த கால். விழுந்து பழகும் பயிற்சி உங்களுக்கு வேண்டாம், எழுந்து பழகுங்கள். மெத்தையோ ஜமுக்காளமோ விரித்து, பக்கத்தில் ஆடாத நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கைகளை ஊன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்னே வைத்து எழுங்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைக்கலாம். முதல்முறை செய்யும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கைத்தடி வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். கம்பு பிடிக்கிறவள் சொல்கிறேன், அது கௌரவமான பொருள். நாய் வந்தால் முன்னே நீட்டிப் பிடியுங்கள், ஓங்காதீர்கள். கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் களரி ஆடியவர், 2017-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் ஏழு வயதில் தொடங்கியவர், நீங்கள் அவரைப்போல் குதிக்க வேண்டாம். வயதானால் உடம்பு மூலையில் கிடக்க வேண்டியதுதான் என்கிற பேச்சை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு வர்மப் புள்ளியில் ஒரே தட்டு, ஆள் சுருண்டுவிழுவான் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அதைக் கற்றுத் தருவீர்களா? (ஈரோடு)

தரமாட்டேன் தம்பி. வர்மம் எனக்கு மிகவும் மரியாதையான கலை, அதனால்தான். உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றபடி தொடுவர்மம் 96 என்று மொத்தம் 108 புள்ளிகள் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்மார் அடிமுறையையும் வைத்தியத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள். அடித்தால் இளக்கும் முறை, அதாவது அடிபட்டவரை மீட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஆசானோடு வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும், சீடனின் குணம் தெரிந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். நகர்கிற, வியர்த்த, சட்டை போட்ட, பதற்றத்தில் இருக்கிற ஆளிடம் விரல்நுனி அளவு இடத்தைத் தேடுவது பழகாதவருக்கு நடக்காத காரியம். நண்பன்மேல் சோதித்துப் பார்க்கிறேன் என்று கழுத்திலும் காதுக்குக் கீழேயும் தட்டி விபரீதம் ஆக்கிவிடாதே. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் இருக்கிறது. உனக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் நல்ல ஆசானைத் தேடிப் போ, முதல் வருஷம் சுவடு, அதாவது காலடி மட்டும் வைக்கச் சொல்வார். வை.

விரல்களுக்கு இடையே சாவியைப் பிடித்துக்கொள்வது, பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்வது, இதெல்லாம் உதவுமா? (திருச்சி)

சாவி வேண்டாம். குத்தும்போது அது திரும்பி உங்கள் விரல் இடுக்கைத்தான் கிழிக்கும். ஸ்பிரே உதவும், ஆனால் கைப்பையின் அடியில் சீப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே கிடந்தால் உதவாது. கையில் இருக்க வேண்டும், காலாவதி தேதி பார்க்க வேண்டும், எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். திறந்த வெளியில் ஒருமுறை அடித்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் பாய்கிறது என்று தெரிந்திருக்கட்டும். விசில் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள், என் வகுப்புப் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

தாத்தா காலத்தில் எஸ்டேட்டில் சிலம்பம் ஆடியிருக்கிறார்கள். எனக்கு ஆசை, ஆனால் அடுக்குமாடி வீடு, கூரை தாழ்வு. எப்படிப்பட்ட கம்பு வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது? (ஈப்போ, மலேசியா)

தாத்தா ஆடிய கலையைப் பேரன் தேடுகிறார் என்பதைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. வீட்டுக்குள் முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்தில் ஒரு குறுந்தடி போதும். மணிக்கட்டைச் சுழற்றும் பழக்கத்தை அதிலேயே கொண்டுவரலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பழகுங்கள். நெடுங்கம்பைக் கீழே திடலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கம்பு நெற்றிப்பொட்டு வரை இருக்க வேண்டும். அதனால் உங்கள் மகனுக்கு வாங்கியதை நீங்களோ, நீங்கள் வாங்கியதை அவனோ ஆட முடியாது. கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிப் பிடித்தால் கிட்டத்தட்டத் தொட வேண்டும், அந்தப் பருமன் போதும். கனமான கம்பு வீரம் என்று ஆரம்பத்திலேயே வாங்கினால் தோள்பட்டைதான் போகும். வாங்கும்போது கண்ணுக்கு நேராக நீட்டி வளைவு பாருங்கள், தரையில் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேளுங்கள். உடைந்த பானைபோல் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. கணுக்களை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்களா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

அவ்வப்போது எண்ணெய் தடவித் துணியால் துடைத்து வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துபோகும், படுக்கவைத்துவிடுங்கள் அல்லது நேராகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஆடும் முன் நுனி இரண்டையும் பாருங்கள், சிம்பு கிளம்பியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துணிநாடா சுற்றுங்கள். கணுவுக்குக் கணு விரிசல் ஓடியிருந்தால் ஒட்டிப் பார்க்காதீர்கள், புதுக்கம்பு வாங்கிவிடுங்கள். பழையதை அறுத்து வீட்டுக்குள் ஆடும் குறுந்தடியாக்கிக்கொள்ளலாம், விரிசல் இல்லாத பக்கமாகப் பார்த்து அறுங்கள்.